மெக்லஹோஸ் பாதையில் ஓடப் போகிறவர்களுக்கு

எங்கள் ஓட்டக் குழுவில் இளையவர்களுக்கு மலைப்பாதை பிடிபட ஆரம்பித்ததும் முதலில் வரும் கேள்வி சாமோனியைப் பற்றித்தான். "அண்ணா, யூ.டி.எம்.பி. ஓடணும்னா என்ன பண்ணணும்?" சாமோனியில் தொடங்கி, மோன் பிளாங்க் மலைத்தொடரைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளைத் தொட்டு வரும் பந்தயம் அது. 2003இல் தொடங்கியது. சுமார் 170 கிலோமீட்டர், 10,000 மீட்டர் ஏற்றம். தகுதிப் பந்தயங்கள் ஓடி முடித்து, அதன் பிறகு குலுக்கலிலும் பெயர் விழ வேண்டும். ஆசைப்படட்டும், நல்ல ஆசைதான். ஆனால் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் சொல்லும் ஊர் வேறு. "முதல்ல ஹாங்காங் போய்ட்டு வா தம்பி. மெக்லஹோஸ் பாதையில ஓடு. பந்தயமெல்லாம் வேணாம், சும்மா ஓடு."

ஹாங்காங் என்றதும் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அந்த ஊரின் நிலப்பரப்பில் சுமார் 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட வனப்பூங்கா. 1970களில் அதற்கெனச் சட்டம் கொண்டுவந்து மலைகளைக் காப்பாற்றினார்கள். அப்போது ஆளுநராக இருந்த மெக்லஹோஸின் பெயரில் 1979இல் திறக்கப்பட்டதுதான் இந்த 100 கிலோமீட்டர் பாதை. கிழக்கே சாய் குங் கடற்கரைப் பக்கம் பாக் தாம் சுங்கில் ஆரம்பித்து, மேற்கே துவென் முன்னில் முடிகிறது. நடுவில் பத்துப் பிரிவுகள். மொத்த ஏற்றம் 4,500 மீட்டருக்கு மேல்.

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், பாதை கடுமையாக இருந்தாலும் வெளியேறும் வழி பக்கத்திலேயே இருப்பது. பெரும்பாலான பிரிவுகள் ஒரு சாலையில் போய் முடிகின்றன. அங்கே பஸ்ஸோ மினிபஸ்ஸோ டாக்ஸியோ கிடைக்கும். கால் பிசகினால், வெயில் தாங்காவிட்டால், ஒன்றரை மணி நேரத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பழகாத மலையில் தன் எல்லை எது என்று கண்டுபிடிக்க இந்த வசதி மிக முக்கியம். நம் மேற்குத் தொடர்ச்சி மலை அழகில் இதற்கு ஒரு படி மேலே என்றே சொல்வேன். ஆனால் அங்கே யானை உண்டு, வனத்துறை அனுமதி வேண்டும், இருட்டில் ஓட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கும் மேல் இறந்த பிறகு, அந்தக் கட்டுப்பாடுகளின் அவசியத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தனியாகத் தப்பும் தவறுமாக நடந்து பழகுவதற்கான மலைகள் அல்ல அவை.

போவதற்கு முன் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். மெரினாவிலும் ஈ.சி.ஆரிலும் ஓடுகிறவர்கள் ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்றே யோசிப்பார்கள். மலையில் அந்தக் கணக்கு உதவாது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்வது மலை ஓட்டக்காரர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால் மெக்லஹோஸ் 100 கிலோமீட்டர் அல்ல, 145. பத்து கிலோமீட்டர் பிரிவுதானே, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தண்ணீரை எண்ணி எடுத்துப் போகிறவர்கள் மூன்றாம் பிரிவில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம் இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நடந்தே ஏறிவிடலாம். தொடையை உடைப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுந்து, மறுநாள் மெட்ரோ நிலையப் படியில்கூட இறங்க முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தசை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். சில வாரங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று முறை இறக்கத்தை அனுபவித்திருந்தாலே அடுத்த முறை வலி பெருமளவு குறையும். சென்னையில் மலை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். திருக்கழுக்குன்றம் படிகள் இருக்கின்றன. கோவைக்காரர்களுக்கு மருதமலை. வேகமாக ஏறுவதை விட்டுவிட்டு, நிதானமாக ஏறி, சீராக ஓடி இறங்கிப் பழகுங்கள். பக்தர்கள் கூடும் முன்பே, விடியற்காலையில்.

படியைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஹாங்காங் மலைகள் முழுக்கப் படிகள். ஏழாம் பிரிவில் ஷிங் முன் நீர்த்தேக்கத்திலிருந்து நீடில் ஹில்லுக்கு ஏறும் படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 532 மீட்டர் உயரக் குன்று, தூரத்திலிருந்து பார்த்தாலே ஊசிமுனை மாதிரி நிற்கும். படிகள் ஒன்றுபோல் இருக்காது. ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். சிலவற்றில் மழை மண்ணை அரித்து, விளிம்புக் கல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் பின்னால் பள்ளம். ஏறும்போது கையைத் தொடைமேல் ஊன்றித் தள்ளுங்கள். இறங்கும்போது கண் காலடியில் இருக்கக்கூடாது, மூன்று படி முன்னால் இருக்க வேண்டும். அடி சிறிதாக, கை விரிந்து, உடம்பு லேசாக முன்னே சாய்ந்து. பயத்தில் பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கும். சிமென்ட் படியில் ஈர இலை கிடந்தால் ஓடவே ஓடாதீர்கள். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த ஷூவின் கிரிப்பும் நிற்காது.

இனி அழகு. முதல் பிரிவு பெரும்பாலும் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தை ஒட்டிய தார்ச்சாலை. பலர் இதை டாக்ஸியில் கடந்துவிடுவார்கள். வாகனங்கள் வருவதற்கு முன் காலையிலேயே ஓடிவிடுங்கள் என்பது என் யோசனை. ஒரு தீவுக்கும் நிலத்துக்கும் இடையிலிருந்த கடல் நீரிணையை இரண்டு அணைகளால் அடைத்து, 1978இல் முடித்த நீர்த்தேக்கம் இது. கிழக்கு அணைக்கு வந்ததும் நின்று பாருங்கள். 14 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைச் சாம்பல் குளிர்ந்து இறுகிய அறுகோணத் தூண்கள், மங்கிய பழுப்பு நிறத்தில், செங்குத்தாக வரிசைகட்டி நிற்கின்றன. கிட்டப் போனால் ஒவ்வொரு தூணுக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு. ஓரிடத்தில் மட்டும் தூண்கள் நேராக இல்லாமல் எஸ் வடிவில் நெளிந்திருக்கும். முழுக்க இறுகுவதற்கு முன் பாறை நகர்ந்ததன் தடயம் அது. பக்கத்திலேயே அலையைத் தடுக்கப் போட்ட ராட்சத கான்கிரீட் கட்டைகள், அப்பால் திறந்த கடல்.

இரண்டாம் பிரிவு, லாங் கேயிலிருந்து பாக் தாம் ஆவ் வரை 13.5 கிலோமீட்டர். முழுப் பாதையிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரு குன்றேறி இறங்கினால் ஒரு கடற்கரை, மறுபடி ஏறி இறங்கினால் இன்னொன்று. சாய் வான், ஹாம் தின் என்று வெள்ளை மணல், பின்னால் 468 மீட்டரில் ஷார்ப் பீக் என்ற கூம்பு. ஹாம் தின்னில் கிராமத்துக் கடைகள் உண்டு. அங்கே ஒரு கிண்ணம் நூடுல்ஸும் குளிர்ந்த சோடாவும் சாப்பிட்டுவிட்டு, கடைக்கு முன்னால் ஓடையின் குறுக்கே போட்டிருக்கும் ஒடுங்கிய பலகைப் பாலத்தில் நடக்கும் சுகத்தை எந்தப் பந்தயத்தின் உணவுக்கூடமும் தராது. ரொக்கப் பணம் கையில் இருக்கட்டும். இந்தப் பிரிவின் நடுவில் சாலை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். சாய் வானில் உடம்பு சரியில்லை என்று தோன்றினால் சாய் குங்குக்குப் படகு இருக்கிறதா என்று கேட்கலாம். அலை அதிகமென்றால் அதுவும் ஓடாது.

மூன்றாம் பிரிவு பார்க்கச் சாது. கை குங் ஷான் உச்சியிலிருந்து இறங்கும் சரளைச் சரிவு பலருடைய முழங்காலைப் பதம் பார்த்திருக்கிறது. மடக்குக் கோல் வைத்திருப்பவர்கள் இங்கே எடுங்கள். நான்காம் பிரிவில் மா ஓன் ஷான் தோள்பட்டை வழியாக ஏறி ஒரு புல்வெளிக்கு வந்து சேர்வீர்கள், பாராகிளைடிங் செய்பவர்கள் அங்கிருந்துதான் குதிப்பார்கள். ஐந்தாம் பிரிவை முடிந்தால் பொழுது சாயும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கவ்லூன் நகரம் முழுக்க விளக்கேற்றும். ஹெட்லேம்ப் கட்டாயம்.

ஆறாம் பிரிவு வெறும் 4.6 கிலோமீட்டர், ஆனால் குரங்குகளின் ராஜ்ஜியம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கையிலிருப்பதைப் பறித்துவிடும். ஜெல், கடலை மிட்டாய் எல்லாவற்றையும் வெஸ்ட்டுக்குள் ஜிப் போட்டு வையுங்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். இதே பிரிவில் இரண்டாம் உலகப்போரின் பதுங்கு சுரங்கங்கள் இருக்கின்றன. சுவரில் ரீஜன்ட் ஸ்ட்ரீட், சேரிங் கிராஸ் என்று லண்டன் தெருப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஒரே இரவில் பிடித்த அரண் இது. நேரம் பார்க்காமல் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

எட்டாம் பிரிவில் தாய் மோ ஷான், 957 மீட்டர், ஹாங்காங்கின் மிக உயர்ந்த மலை. உயரம் சிறியதாகத் தெரியும். ஆனால் காற்றும் பனிமூட்டமும் கடுமை. 2016 ஜனவரியில் மலைமேல் பாதையே பனிக்கட்டியாக உறைந்து, அங்கே நடந்துகொண்டிருந்த 100 கிலோமீட்டர் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினார்கள், பலரை மீட்புப் படையினர் கீழே இறக்கினார்கள். 2021 மே மாதத்தில் சீனாவின் கான்சு மாகாணத்தில் ஒரு மலைப் பந்தயத்தின் நடுவே திடீரென வந்த குளிர்காற்றிலும் மழையிலும் 21 ஓட்டக்காரர்கள் இறந்துபோனார்கள். வெயில் ஊரிலிருந்து போகிற நமக்குக் குளிரின் மேல் பயம் வருவதே இல்லை. மழையும் காற்றும் புகாத மெல்லிய ஜாக்கெட், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வெஸ்ட்டில் இருக்க வேண்டும். அதன் எடை ஒரு மாம்பழத்தின் எடைகூட வராது.

பருவம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே முதல் அக்டோபர் வரை புழுக்கமும் புயலும். இலையுதிர் காலத்தில் விடிகாலை முதல் ஆளாக ஓடினால், பாதையின் குறுக்கே உள்ளங்கை அகலச் சிலந்திகள் பின்னிய வலை முகத்தில் ஒட்டும். ஒரு குச்சியை முன்னே நீட்டிக்கொண்டு ஓடுங்கள். பாதையில் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எண் எழுதிய கம்பம் உண்டு. கடந்த கடைசிக் கம்பத்தின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டே ஓடுவது நல்ல பழக்கம். ஆபத்தென்றால் 999ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், மீட்பவர்கள் வந்துவிடுவார்கள். குப்பைத் தொட்டிகளைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டார்கள், உங்கள் உறையை நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 14 நாள் விசா தேவையில்லை, ஆனால் புறப்படும் முன் இணையத்தில் பதிவுசெய்தாக வேண்டும்.

ஒரே மூச்சில் 100 கிலோமீட்டரும் ஓட விரும்புகிறவர்களுக்கு டிரெயில்வாக்கர் இருக்கிறது. 1981இல் கூர்க்கா வீரர்களின் பயிற்சியாக ஆரம்பித்து, 1986 முதல் ஆக்ஸ்ஃபாம் அமைப்போடு பொதுமக்களுக்கும் திறந்துவிட்ட நிகழ்வு. நால்வர் குழுவாகச் சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மெதுவான ஒருவரை விட்டுவிட்டு மற்ற மூவர் ஓட முடியாது என்பதாலேயே எனக்கு அந்த வடிவத்தின் மேல் பெரிய மரியாதை.

மூன்றே நாள் கையில் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் ஒன்றும் இரண்டும். டைமண்ட் ஹில்லிலிருந்து 92ஆம் எண் பஸ்ஸில் சாய் குங், அங்கிருந்து 94இல் பாக் தாம் சுங். முடிக்கும் பாக் தாம் ஆவிலும் அதே 94 நிற்கும். இரண்டாம் நாள் நான்காம் பிரிவு, கால் ஒத்துழைத்தால் ஐந்தும். மூன்றாம் நாள் ஏழும் எட்டும். ஒன்பதையும் பத்தையும் அடுத்த பயணத்துக்கு விடலாம். பத்தாவதில் நீர்க்கால்வாய் ஓரமாகச் சமதளத்தில் நீண்டுகொண்டே போகும் பாதை, களைத்த காலுக்கு நீடில் ஹில்லைவிடக் கடினம், அதைப் புதுக் காலோடு ஓடுவதுதான் நியாயம். மாலையில் சிம் ஷா சுய் வந்து சுங்கிங் மேன்ஷன்ஸுக்குள் போனால் ரொட்டியும் பருப்பும் சோறும் கிடைக்கும். சைவக்காரர்கள் மூன்று நாளும் அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.