அலமாரியில் இல்லாத ஆய்விதழ்

அச்சு ஆய்விதழுக்குச் சந்தா நின்றாலும், பைண்டு செய்த பழைய தொகுதிகள் நூலக அலமாரியில் இருக்கும். மின்னிதழில் நூலகம் பெரும்பாலும் வாங்குவது படிக்கும் உரிமையைத்தான். ஒப்பந்தத்தில் தனியே கேட்டுப் பெறாவிட்டால், சந்தா முடிந்ததும் பழைய இதழ்களும் கைவிட்டுப் போகும்.

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஒன்றிய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது: 2025 முதல் 2027 வரை ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கானது இது, பள்ளிகளுக்கு இடமில்லை. வகுப்பறை பற்றிய ஆய்வு வகுப்பறைக்கு எட்டாதது வருத்தமே.

நமக்கு 'ஷோத்கங்கா' தளம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தாமிரபரணிப் பாசனம் நடத்துமுன் அதில் ஆற்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள்; எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும்.