தொற்று என்னும் சொல்

இன்று மருத்துவரும் செய்தித்தாள்களும் நாள்தோறும் கையாளும் "தொற்று" என்பது புதுச்சொல் அன்று. சிறுவன் கிளையைத் தொற்றி மரமேறுகிறான். குழந்தை தாயின் இடுப்பில் தொற்றிக்கொள்கிறது. பற்றிக்கொள்ளுதலே இதன் பொருள். பேச்சில் "தொத்து வியாதி" என்கிறோம். "ஒட்டுவாரொட்டி" என்று மற்றொரு சொல்லும் உண்டு. நெருங்கி ஒட்டினவரைத் தானும் ஒட்டிக்கொள்வது என்பது கருத்து.

ஆங்கிலத்தில் இதற்கு இரு சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் இலத்தீன் வழி வந்தவை. "கன்டேஜியன்" என்பது "உடன் தொடுதல்" என்னும் பொருளில் பிறந்தது; நமது ஒட்டுவாரொட்டிக்கு உடன்பிறப்பு எனலாம். "இன்பெக்ஷன்" அப்படியன்று. அதன் மூலச்சொல்லுக்குத் தோய்த்தல், சாயமேற்றுதல், கறைப்படுத்துதல் என்று பொருள். ஒரு துளிச் சாயம் குடத்து நீர் முழுவதையும் நிறம் மாற்றுவதை எண்ணிப் பார்க்கலாம். இவ்விரு கருத்துக்கும் சேர்த்து நாம் "தொற்று" என்றே வழங்குகிறோம். இதனால் விளையும் குழப்பத்தை ஊர்ப்பணியில் நேரில் கண்டதுண்டு.

ஒரு சிற்றூரில் சிலருக்கு வாந்திபேதி கண்டது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவும் பிறர் அஞ்சினர். பால்காரர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். ஆனால், நோயாளிகளின் துணியை அலசிய குளத்திலிருந்தே ஊரார் குடிநீர் முகந்துகொண்டிருந்தனர்! "தொடவே இல்லையே, எப்படித் தொத்தும்?" என்று ஒரு மூதாட்டியார் நம்மிடம் கேட்டார். சொல்லின்படி பார்த்தால் அவர் கேட்டது நியாயமே. காலரா பெரும்பாலும் நீரிலும் உணவிலும் கலந்து வருவது. நோயாளியைத் தொட்ட மாத்திரத்தில் வருவதன்று. 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் காக், அதன் கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டுமன்றி, மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலும் கண்டார்.

தொழுநோயாளிகளுக்கு இச்சொல் இழைத்த கொடுமை இன்னும் பெரிது. கை பட்டதால் அந்நோய் வருவதில்லை. சிகிச்சை பெறாதவருடன் நெடுநாள் நெருங்கி வாழ்வோரிலும் சிலருக்கே வருகிறது. மருந்து தொடங்கியபின் அவரிடமிருந்து பரவுவதும் நின்றுவிடுகிறது. ஆயினும் "ஒட்டுவாரொட்டி" என்ற ஒரு சொல்லே அவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பப் போதுமானதாயிருந்தது.

ஆகையால், ஊர்க்கூட்டங்களில் நோயின் பெயரோடு அது வரும் வழியையும் சேர்த்தே கூறி வருகிறோம்: "தண்ணீரில் வரும் வாந்திபேதி", "கொசு கொண்டுவரும் மலேரியா" என்று. பேச்சு சற்று நீளுகிறது, கேட்போர் பொறுத்துக்கொள்கின்றனர்.