பாம்பின் நிறம் கூறிய சாட்சி

நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் போவா என்னும் பாம்பு, நம் நாட்டு மலைப்பாம்பைப் போலவே இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது, விஷமற்றது. ஆயினும் மலைப்பாம்பு முட்டையிடும். போவாவோ குட்டி ஈனும். மேனாட்டார் பலர் இதனைக் கூண்டில் வளர்த்து, விந்தையான நிறமுள்ள குட்டிகளைப் பெறுவதிற் பெருவிருப்பங் கொண்டுள்ளனர். இது வெறும் பொழுதுபோக்கே என்று நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் இப்பொழுதுபோக்கினின்றும் விலங்கியலார்க்கு ஓர் அரிய சாட்சி கிடைத்தது.

மெண்டல் என்னும் துறவி தம் மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இப்பாம்புகட்கும் பொருந்தும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஜீன்கள் இரண்டிரண்டாய் அமைகின்றன. சில ஜீன்கள் ஒடுங்கும் இயல்பின. இரண்டும் அத்தன்மையவாயிருந்தாலன்றி அவற்றின் குணம் வெளித்தோன்றாது. போவாவின் கருமையை நீக்கும் ஜீன் இத்தகையது. செம்மையை நீக்கும் ஜீனும் அத்தகையதே. இவ்விரண்டையும் மறைவாகத் தாங்கிய ஆணும் பெண்ணுங் கூடினால், பதினாறுக்கு ஒன்றெனும் வீதத்தில் இரு நிறமுமற்ற வெளிறிய குட்டி பிறத்தல் கூடும். கருமையற்ற போவாக்களிலேயே இருவேறு வம்சங்கள் உள. அவற்றைக் கலந்தாலோ குட்டிகள் யாவும் கருமையுடன் பிறக்கின்றன! ஒன்றிற் பழுதுற்ற ஜீன் வேறு, மற்றதிற் பழுதுற்ற ஜீன் வேறு. ஆதலின் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகின்றது.

இனிச் சாட்சிக்கு வருவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் வளர்ந்த பெண் போவா ஒன்று, காராமெல் என்னும் அரிய நிறமுடையது. காய்ச்சிய சர்க்கரைப் பாகை ஒத்தது அந்நிறம். அதுவும் ஒடுங்கும் குணமே. முன்னர் ஆணோடு கூடி முறைப்படி ஈன்ற அப்பாம்பு, பின்னர் இரண்டு ஈற்றுகளில் 22 குட்டிகளை ஈன்றது. அத்தனையும் பெண், அத்தனையும் காராமெல்.

ஆண் பாம்புகள் உடனிருந்தமையால், தந்தை உண்டென்றே எவரும் கொள்வர். நிறமோ அதற்கு இடந்தரவில்லை. தந்தையிடம் அந்த ஜீன் இல்லையாயின் ஒரு குட்டியும் அந்நிறம் பெறாது. ஒன்று மறைந்திருப்பின் ஏறத்தாழப் பாதிக் குட்டிகளே பெறும். இருபத்திரண்டும் பெறுதல் 41,94,304-இல் ஒரு முறையே நிகழத்தக்கது. தந்தையும் காராமெல் நிறத்ததாயின் யாவும் பெறும். ஆதலின் நிறம் ஐயத்தை எழுப்பிற்றேயன்றித் தீர்க்கவில்லை. வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வாரன் பூத் முதலியோர் டி.என்.ஏ.வைச் சோதித்து, தந்தையின் கூறு சிறிதுமில்லை என்றும், தாயின் கூறே பல இடங்களில் இரட்டித்து நின்றது என்றும் 2011-இல் வெளியிட்டனர்.

ஆயின் ஆண்குட்டி ஒன்றேனும் பிறவாதது ஏன்? பறவைகளிற்போலப் பாம்புகளிலும் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்களும், பெண்ணுக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உண்டென்று அந்நாளில் யாவரும் நம்பினர். அங்ஙனமாயின், தாயின் இசட் இரட்டித்து ஆணும் பிறந்திருத்தல் வேண்டும். பூத் முதலியோர், இக்குட்டிகள் டபிள்யூ இரட்டித்தவை போலும் என்று கருதினர். 2017-இல் டோனி காம்பிள் முதலியோர், போவாவிலும் பர்மிய மலைப்பாம்பிலும் மனிதரிற்போல எக்ஸ், ஒய் என்னும் முறையே உள்ளதெனக் கண்டனர். தாயிடம் எக்ஸ் அன்றி வேறில்லை, இரட்டித்ததும் எக்ஸே. பிள்ளைகள் பெண்ணாகாமல் வேறென் செய்யும்?