வயிற்றுப் புற்றுநோய்: உடம்பின் பிரேக் ஏன் பிடிப்பதில்லை?



விடிகாலையில் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நீங்கள். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் இரைப்பையிலும் பிரேக் உண்டு.

இரைப்பையின் உள்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளர்கிறது. அந்த வளர்ச்சி அளவு மீறாமல் தடுக்கச் சில மரபணுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் பி.டி.இ.என். அது ஒரு சீட்டு எழுதி அனுப்பும். செல் அதைப் படித்துத் தடுப்புப் பொருளைச் செய்யும். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது சுமார் 22 எழுத்தே உள்ள துணுக்கு. சீட்டின்மேல் ஒட்டிக்கொண்டு படிக்க விடாது. எல்லார் உடம்பிலும் அளவோடு இருக்க வேண்டியதுதான். 1993-ல் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டறிந்த அம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப் புற்றில் 21-ஆம் எண் துணுக்கு மிஞ்சிப்போய் பி.டி.இ.என். சீட்டை அமுக்கிவிடுகிறது. மரபணு நல்லாயிருந்தாலும் பிரேக் பிடிக்காது.

இதற்கு வழி திறப்பது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி உண்டாக்கும் ஆறாத புண். சிறு வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். ஆகவே சோற்றை மென்று குழந்தைக்கு ஊட்டாதீர்கள். கிருமி உள்ள எல்லாருக்கும் புற்று வராது. பீடி, புகையிலை, தினமும் கருவாடு, உப்புக்கண்டம் என்று சேரும்போது ஆபத்து கூடும்.

"நெஞ்சுக்குழி எரியுது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுது" என்று வீட்டுக்காரர் சொன்னால் சோடா வாங்கிக் கொடுத்து விட்டுவிடாதீர்கள், அம்மா. ஏலக்காய் மென்றால் வாய்தான் மணக்கும். ஐயா, உங்கள் மனைவி காரணமில்லாமல் இளைத்தால் நீங்களும் கவனியுங்கள். தார் மாதிரி கறுத்த மலம், ரத்த வாந்தி என்றால் அன்றைக்கே கிளம்புங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். கர்ப்பிணிகள் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.)

போடி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவையானால் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். எண்டோஸ்கோப்பி என்பது வாய்வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பது, சில நிமிடம்தான். கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மாத்திரை. எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் விட்டால் கிருமி சாகாது.