விரலால் கற்கும் எழுத்து

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். 1907இல் உரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் மரியா மொண்டிசோரி அம்மையாரும் விரலில்தான் ஆரம்பித்தார். சொரசொரப்பான கடதாசியில் வெட்டி, பலகையில் ஒட்டிய எழுத்தைப் பிள்ளை தடவியபடியே அதன் ஒலியைச் சொல்லும். பென்சில் பிறகு.

அம்மையார் நமக்கு அந்நியரல்லர். 1939இல் பிரம்மஞான சங்கத்தின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தவர், யுத்தத்தினால் அங்கேயே தங்க நேர்ந்து, 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். 1944இல் கொழும்பிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். ஊரில் பாலர் வகுப்பையே ‘மொண்டிசோரி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

கணக்காளனாகிய எனக்குப் பிடித்தவை மணிகள். ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த பத்து, நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். ஆயிரத்தின் பாரத்தைக் கை முதலில் அறிந்துகொள்கிறது!

இங்கு தனியார் மொண்டிசோரிப் பாடசாலைகளின் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. வீட்டில் செய்யக்கூடியவை பல உண்டு. பனிக்காலக் காலை அவசரத்தில் ஜக்கெற்றை நாமே மாட்டிவிடுகிறோம். அதை நிலத்தில் விரித்து, கழுத்துப்பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்க வைத்தால், குனிந்து கைகளை நுழைத்துத் தலைக்கு மேலால் தானே போட்டுக்கொள்ளும். பத்து நிமிடம் முந்தி எழும்பவேண்டும், அவ்வளவுதான்.

ஆறு வயதுவரை பிள்ளை மொழியைச் சூழலிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது என்பது அம்மையாரின் முடிபு. பிரெஞ்சைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும். தமிழை அப்பம்மாவும் அம்மம்மாவும் நாமுமே கொடுக்கவேண்டும். ‘அ’ என்ற எழுத்தின் ஒலியும் ‘அ’தான், ஆகவே இம்முறை தமிழுக்கு இலகுவாகப் பொருந்துகிறது. ட, ப, ம ஆகிய மூன்றையும் முதலில் வெட்டி ஒட்டுங்கள். ஒரு புள்ளியும் சேர்ந்தால் ‘படம்’, ‘பட்டம்’ இரண்டும் வந்துவிடும்.