'பீட்டர் ஸ்காட்' வழக்கும் நம் வியாபாரச் சின்னமும்

தானியத்தை ஊறவைத்துக் காய்ச்சி வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே வைத்திருந்தால்தான் அது 'ஸ்காட்ச்'. ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது சிங்கிள் மால்ட். அதனோடு பிற தானியச் சரக்கைக் கலந்தது பிளெண்டட். ஐலே தீவுச் சரக்கில் புகை வாசம் தூக்கல். இந்தக் கலவை வித்தையை வளர்த்தவர்களில் மளிகைக்காரர்கள் பலர். ஜான் வாக்கர் 1820-ல் கில்மார்னாக்கில் மளிகைக் கடை திறந்தவர், நம் இனம்தான்!

பெங்களூர் கோடே நிறுவனம் 1968 முதல் 'பீட்டர் ஸ்காட்' என்ற விஸ்கியை விற்றது. பெயரும் டிரேட் மார்க்காகப் பதிவானது. 'ஸ்காட்' என்ற சொல் வாங்குவோரை ஏமாற்றும், பதிவை நீக்குங்கள் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் 1986-ல் மனுச் செய்தது. பதிவாளரும் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றனர். 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாற்றித் தீர்ப்பளித்தது. சங்கத்துக்கு 1974-லேயே விஷயம் தெரியும். 12 ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டது. இதுவே முக்கியக் காரணம்.

விஸ்கி வாங்குவோர் விவரமறிந்தவர்கள் என்றும் நீதிமன்றம் கருதியது. காதர்பேட்டையில் பனியன் வாங்குகிறவர் லேபிளை அப்படிப் படிப்பார் என்று நான் நம்பவில்லை. ஆகவே உங்கள் பிராண்டைப் போன்ற பெயருக்கு யாராவது விண்ணப்பித்தால், டிரேட் மார்க் ஜர்னலில் அது வெளியான 4 மாதத்துக்குள் ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். அந்தக் கெடு நீட்டிக்கப்படுவதில்லை.