25 ரூபாய்க்குக் கப்பல்!



பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைப் பார்க்காதவங்க நம்ம ஸ்கூலில் ரொம்பக் குறைவு. ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று எழுதி மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆனால் அந்தக் கப்பலுக்குக் காசு கொடுத்தது யாரு? வ.உ.சி. வக்கீல்தான். என்றாலும் கப்பல் வாங்குகிற அளவுக்கு வசதி அவருக்கு ஏது?

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. (அப்போ தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லாதான். 1986-இல்தான் பிரிந்தது.) மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்காகப் பிரித்தார்கள், ஒரு பங்கு 25 ரூபாய். கணக்கில் சந்தேகம் இருந்தால் பெருக்கிப் பார்த்துக்கோங்க!

ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் ஒருத்தரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். தலைவராக இருந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். பெரிய பணக்காரங்க நாலைந்து பேரோடு முடித்திருக்கலாமே, எதுக்கு 25 ரூபாய்ப் பங்கு? சின்ன வியாபாரியும் ‘இது என் கப்பல்’ என்று சொல்லணும் அல்லவா! அதற்காக வ.உ.சி. ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

பங்கு வாங்கியதோடு வேலை முடியவில்லை. கொழும்புக்குப் போகிறவன் எந்தக் கப்பலில் ஏறுகிறான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு ‘இலவசமாகவே வாங்க, குடையும் தாரோம்’ என்றது. சும்மா கிடைக்கிற குடையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கையிலிருக்கிற காசைக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறணும்! பங்கு வாங்குவது ஒரு நாள் வேலை. டிக்கெட் எடுப்பது ஒவ்வொரு தடவையும் வருகிற சோதனை. இரண்டில் இதுதான் கஷ்டம் என்பேன்.

காசே இல்லாதவங்க என்ன செய்தாங்க? 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். வேலை நிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒருவருக்குச் சவரம் செய்யவே மாட்டேன் என்று சவரத் தொழிலாளி மறுத்துவிட்டார். அவரிடம் கொடுக்கப் பணமில்லை, கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்! மார்ச் மாதம் மில் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தது.

மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் நம்ம திருநெல்வேலியே கொந்தளித்தது. இந்துக் கல்லூரி மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கடைகளை அடைத்தார்கள், வண்டிக்காரர்கள் வண்டி ஓட்டவில்லை. ஜூலையில் வ.உ.சி.க்கு 40 வருஷத் தீவாந்தர தண்டனை விதித்தார்கள். அப்பீலில் அது குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார்.

அலைந்து திரிந்து நடத்த ஆளில்லாமல் கம்பெனி தள்ளாடியது. 40,000 பங்கு போட்டுத் தொடங்கியதில் அன்றாட பாரம் பெரும்பாலும் ஒருத்தர் தோளிலேயே இருந்ததுதான் அதன் பலவீனம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1911-இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையாகி வெளியே வந்தபோது அவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை.